மோட்டார்ஹோம் பயணத்தின் கடைசி மூன்று நாட்கள்: பவேரியச் சிற்றூர்கள் வழியே வண்டியை ஒப்படைக்கும் வரை

மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி, வாடகைக்கு எடுப்பவர்கள் எல்லோரும் முதல் நாளைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எப்படி ஓட்டுவது, எங்கே தூங்குவது, கேஸ் எப்படித் திறப்பது என்று. கடைசி மூன்று நாட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் கட்டிய டெபாசிட் முழுதாகத் திரும்பி வருமா, ஊருக்குக் கிளம்பும்போது மனம் நிறைந்திருக்குமா என்பதெல்லாம் அந்த மூன்று நாட்களில்தான் இருக்கிறது. இரண்டு வாரம் அருமையாகச் சுற்றிவிட்டு, கடைசி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கழிப்பறைத் தொட்டியைக் கழுவ இடம் தேடி அலையும் குடும்பங்கள் உண்டு. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு தெற்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறேன். மியூனிக் பக்கம் வண்டி எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய, கடைசி நாட்களுக்கு ரொமான்டிக் ரோடு மாதிரி வசதியான பாதை வேறு கிடையாது. வூர்ட்ஸ்பர்க்கில் தொடங்கி ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஃபூஸன் வரை போகும் சுற்றுலாப் பாதை இது, 1950இல் ஏற்படுத்தியது. வழியில் ரோத்தன்பர்க், டிங்கெல்ஸ்பூல், நோர்ட்லிங்கன், டோனாவோர்த், ஆக்ஸ்பர்க் என்று வரிசையாகப் பழைய ஊர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே முப்பதிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். பிரான்ஸிலோ ஆஸ்திரியாவிலோ முடிக்கிறீர்கள் என்றாலும் முறை இதேதான், ஊர்ப்பெயர்கள்தான் மாறும்.

முதலில் ஒப்படைக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, திருப்பிக் கொடுக்கும் நாளையும் நேரத்தையும் பாருங்கள். பெரும்பாலும் காலை பத்து அல்லது பதினொரு மணிக்குள் இருக்கும், ஏனென்றால் அதே வண்டியைக் கழுவி மதியமே அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். தாமதமானால் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் பல நிலையங்கள் திறப்பதில்லை. அதே பக்கத்தில் இன்னும் மூன்று விஷயங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்: டீசல் முழுத் தொட்டியோடு கொடுக்க வேண்டுமா, உள்பக்கம் எந்த அளவுக்குச் சுத்தம் எதிர்பார்க்கிறார்கள், மொத்தக் கிலோமீட்டருக்கு வரம்பு உண்டா. வரம்பு இருந்தால் இப்போதே மீட்டரைப் பார்த்துவிடுங்கள், கடைசி நாள் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது காலண்டர். ஜெர்மனியில் ஞாயிறன்று சூப்பர்மார்க்கெட்டுகள் பெரும்பாலும் திறக்காது, மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் மற்ற நாட்களிலும் இரவு எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். பெட்ரோல் பங்க் திறந்திருக்கும், காலையில் சில மணி நேரம் பேக்கரி திறக்கும், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஒப்படைக்கிறீர்கள் என்றால் உங்கள் கடைசிக் கடை நாள் சனிக்கிழமை. ஆகஸ்டில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். ஆகஸ்ட் 8 ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு மட்டுமான விடுமுறை, பக்கத்து ஊர்களில் கிடையாது. ஆகஸ்ட் 15 பவேரியாவில் கத்தோலிக்கர்கள் அதிகம் உள்ள ஊர்களில் மட்டும் விடுமுறை. ஒரு ஊரில் கடை பூட்டியிருக்கும், அடுத்த ஊரில் திறந்திருக்கும்.

கடைசி இரவுக்கான இடம், வண்டி கொடுக்கும் நிலையத்திலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். மியூனிக்கைச் சுற்றி விடுமுறைக் காலத்தில் நெரிசல் பயங்கரமாக இருக்கும், ஏ8 சாலையில் ஒரு விபத்து நடந்தால் ஒரு மணி நேரம் அப்படியே நிற்பீர்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: கடைசி நாட்களில் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, மியூனிக் நகர மையம் என்று பெரிய இடங்களைத் திணிக்காதீர்கள். அதையெல்லாம் பயணத்தின் முதல் பாதியில் பாருங்கள், இல்லையென்றால் வண்டியைக் கொடுத்துவிட்டு ரயிலில் போய்ப் பாருங்கள். ஏழு மீட்டர் நீள வண்டியோடு பெரிய நகரத்துக்குள் பார்க்கிங் தேடுவது யாருக்கும் நல்லதில்லை.

ஒப்படைக்க மூன்று நாள் முன்பு: டிங்கெல்ஸ்பூல், துணி, கிச்சன்

ரோத்தன்பர்க்கைப் பார்த்துவிட்டு பி25 சாலையில் தெற்கே வந்தால் டிங்கெல்ஸ்பூல். ரோத்தன்பர்க் அளவுக்குக் கூட்டம் இல்லை, ஆனால் மதில், கோபுரங்கள், வண்ண வண்ண வீடுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குள் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், தூண்கள் மேலே போய் விரியும் அழகுக்காகவே போகலாம். ஜூலையில் வந்தால் கிண்டர்ட்செக்க என்ற திருவிழா நடக்கும். முப்பது ஆண்டுப் போரின்போது, 1632இல், ஊர்க் குழந்தைகள் ஸ்வீடன் படைத்தளபதியிடம் போய்க் கெஞ்சி ஊரைக் காப்பாற்றினார்கள் என்ற கதையை ஊரே சேர்ந்து நடித்துக் காட்டும். அந்த வாரத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழைய ஊர்கள் எதிலும் மதில் வாசலுக்குள் வண்டியை விடாதீர்கள். மோட்டார்ஹோம் உடம்பு மட்டுமே சுமார் 2.3 மீட்டர் அகலம், கண்ணாடிகளோடு இன்னும் கூடுதல், உயரம் மூன்று மீட்டரைத் தொடும். நேவிகேஷன் கார் என்று நினைத்து உள்ளே போகச் சொல்லும். வெளியே நிறுத்திவிட்டு நடங்கள், எந்த ஊரும் பத்து நிமிட நடையைத் தாண்டாது.

இந்த இரவுக்கு மட்டும் ஷ்டெல்பிளாட்ஸை விட்டுவிட்டு முறையான கேம்பிங் தளத்தில் தங்கச் சொல்வேன். புதிதாக வருபவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லிவிடுகிறேன். ஷ்டெல்பிளாட்ஸ் என்பது ஊராட்சியோ தனியாரோ மோட்டார்ஹோம்களுக்கென்றே ஒதுக்கிய பார்க்கிங், டிக்கெட் எந்திரம், தண்ணீர்க் குழாய், கழிவு ஊற்றும் இடம் இருக்கும், மலிவு, பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, கோடையில் மூன்று மணிக்குள் போனால்தான் இடம். கேம்பிங் தளத்தில் குளியலறை, வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் இடம் எல்லாம் உண்டு, வாடகை கூடுதல். டிங்கெல்ஸ்பூல் ஊருக்கு வெளியே ஏரியோடு ஒரு தளம் இருக்கிறது. பல தளங்களில் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை கேட்டை மூடிவிடுவார்கள், அமைதி நேரம். பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள் அல்லது மூன்றுக்குப் பிறகு போங்கள்.

அங்கே துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு கிச்சனைக் கவனியுங்கள். நம் வீட்டுச் சமையல் செய்தவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். தாளித்த எண்ணெய் அடுப்புக்குப் பின்சுவரில், மேலே சிம்னி வலையில், பக்கத்துத் திரைச்சீலையில் எல்லாம் தெறித்திருக்கும். வெந்நீரில் பாத்திர சோப்பு கலந்து மென்மையான துணியால் இன்றைக்கே துடைத்தால் வந்துவிடும், கடைசிக் காலையில் வராது. வெள்ளை மேடையில் மஞ்சள் கறை இருந்தால் சோப்பு நீரில் துடைத்து ஜன்னல் மறைப்பைத் திறந்து வெயில் படவிடுங்கள், மஞ்சள் நிறம் வெயிலில் தானாகவே மங்கும். தேய்க்கும் நாரைப் பிளாஸ்டிக்கிலும் அக்ரிலிக் ஜன்னலிலும் போடவே போடாதீர்கள், கீறல் விழுந்தால் அது சேதக் கணக்கில் போகும். மிச்ச எண்ணெயைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், கழிவுநீர்த் தொட்டிக்குள் போய்ப் படிந்து நாறும். ஒரு பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். இன்றிலிருந்து எண்ணெயில் வறுப்பதை நிறுத்திவிடுங்கள், கூரை ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், மசாலா வாசம் இரண்டு நாளில் பெருமளவு போய்விடும்.

அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரை என்று மிச்சம் இருப்பதை ஒரு மேஜையில் பரப்பிப் பாருங்கள். இரண்டு நாளுக்கு வேண்டியது போக மற்றதைப் பக்கத்து வண்டிக்காரர்களிடம் கொடுக்கலாம். பயணத்தைத் தொடங்குகிறவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டு நாள் முன்பு: நோர்ட்லிங்கன்

இந்த ஊருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு விண்கல் விழுந்து ஏற்பட்ட ரீஸ் பள்ளத்துக்குள் இருக்கிறது நோர்ட்லிங்கன். பள்ளத்தின் விட்டம் சுமார் 25 கிலோமீட்டர். நீண்ட காலம் இதை எரிமலைப் பள்ளம் என்றே நினைத்திருந்தார்கள். 1960இல் யூஜீன் ஷூமேக்கரும் எட்வர்ட் சாவோவும் இங்கே உள்ள பாறையில் கோசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார்கள், பெரும் மோதலின் அழுத்தத்தில் உண்டாவது அது. அதன் பிறகுதான் விண்கல் என்பது உறுதியானது. 1970இல் அப்போலோ விண்வெளி வீரர்கள் நிலவுப் பாறைகளை அடையாளம் காணப் பழகுவதற்கு இங்கே வந்தார்கள். நடுவில் நிற்கும் புனித ஜார்ஜ் தேவாலயமே அந்த மோதலில் உண்டான சூவைட் கல்லால் கட்டியதுதான், உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன வைரத் துகள்கள் உண்டு.

தேவாலயக் கோபுரத்துக்கு டேனியல் என்று பெயர், 90 மீட்டர் உயரம், 350 படிகள். ஏறுங்கள். மேலே நின்று பார்த்தால் ஊர் வட்டமாக, சிவப்புக் கூரைகளோடு, மதிலுக்குள் அடங்கி இருப்பதும், தூரத்தில் பள்ளத்தின் விளிம்பு குன்றுகளாகச் சுற்றி நிற்பதும் ஒரே பார்வையில் தெரியும். கூரை போட்ட மதில் பாதையில் ஊரை முழுதாக ஒரு சுற்று நடந்து வரலாம், மூன்று கிலோமீட்டருக்குள்தான், குழந்தைகளுக்கும் முடியும். இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை அரை மணிக்கு ஒருமுறை கோபுரக் காவலர் மேலிருந்து குரல் கொடுப்பார், "ஸோ, க்ஸெல், ஸோ" என்று. 1440இல் ஒரு பெண்மணி, திறந்து கிடந்த வாசல் கதவில் ஒரு பன்றி உரசுவதைப் பார்த்து ஊரை எச்சரித்தாராம், அந்தக் கதையோடு சேர்ந்த வழக்கம். இதற்காகவே அந்த இரவு ஊருக்குப் பக்கத்தில் தங்குங்கள், மதிலுக்கு வெளியே நடக்கும் தூரத்தில் மோட்டார்ஹோம் நிறுத்துமிடம் உண்டு.

வேலை என்று பார்த்தால் இன்றைக்கு பாட்டில்கள். ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை வாங்கியிருப்பார்கள், சாதாரணக் கண்ணாடி பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். வண்டியின் பின்பக்கம் இரண்டு வாரமாகச் சேர்ந்த பாட்டில்களை எந்த சூப்பர்மார்க்கெட் எந்திரத்திலும் போட்டு ரசீது வாங்கி அதிலேயே கடைசிச் சாமான்களை வாங்கிக்கொள்ளுங்கள், பத்துப் பதினைந்து யூரோ தேறும். நசுக்கிய பாட்டிலை எந்திரம் எடுக்காது. ஜாம் பாட்டில் மாதிரி வைப்புத்தொகை இல்லாத கண்ணாடியைத் தெருவோரத் தொட்டிகளில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரித்துப் போட வேண்டும், ஞாயிறிலும் இரவிலும் போடக்கூடாது, சத்தத்துக்காக.

கூடவே ஒரு யூரோ, இரண்டு யூரோ, ஐம்பது சென்ட் நாணயங்களைச் சேர்த்து வையுங்கள். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பல ஊர்களில் இன்னும் நாணயம் போடும் எந்திரம்தான்.

முந்தின நாள்: தொட்டிகள், டீசல், பெட்டி

நோர்ட்லிங்கனிலிருந்து பி25இல் தெற்கே வந்தால் வழியில் ஹார்புர்க் கோட்டை, வோர்னிட்ஸ் ஆற்றுக்கு மேலே பாறையில் நிற்கும். அப்புறம் டோனாவோர்த், அந்த ஆறு டான்யூபில் கலக்கும் ஊர். மதியத்துக்குள் அங்கே போய்விட்டால் கையில் அரை நாள் இருக்கும். வேலைகளைக் கீழே சொல்லும் வரிசையில் செய்யுங்கள், வரிசைக்குக் காரணம் உண்டு.

முதலில் பெட்டி கட்டுங்கள். எல்லா அலமாரிகளும் காலியான பிறகுதான் துடைக்க முடியும். படுக்கைக்கு அடியில், மேஜைக்கு மேலே உள்ள அலமாரியின் மூலையில், ஓட்டுநர் இருக்கைக்கு மேல் உள்ள தட்டில், பின்பக்க கராஜில் பாருங்கள். சார்ஜர், பாஸ்போர்ட் உறை, குழந்தைகளின் செருப்பு எல்லாம் இந்த இடங்களில்தான் தங்கிவிடும். நீங்கள் வாங்கிய கேம்பிங் கேஸ் டப்பா, லைட்டர் எரிபொருள் எதையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது, அதையும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

பிறகு ஃபிரிட்ஜ். காலி செய்து துடைத்து, கடைசி உணவு எடுத்த பிறகு அணைத்து, கதவை அதன் காற்றோட்டக் கொக்கியில் கொஞ்சம் திறந்தபடி மாட்டுங்கள். மூடிவைத்தால் ஒரே இரவில் வாடை வரும்.

கழிப்பறைத் தொட்டியைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், ஆனால் வாடகைக்கு விடுபவர்கள் அதிகம் பணம் பிடிப்பது இதற்குத்தான். தொட்டி கிட்டத்தட்ட 17 முதல் 20 லிட்டர். வெளிக்கதவைத் திறந்து இழுத்து எடுங்கள், ஷ்டெல்பிளாட்ஸிலோ கேம்பிங் தளத்திலோ அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றும்போது காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தெறிக்காமல் ஒரே சீராக இறங்கும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி இரண்டு மூன்று முறை அலசுங்கள், அலசுவதற்கு அங்கே தனிக் குழாய் இருக்கும், குடிநீர்க் குழாயின் வாயில் தொட்டியை வைக்கவே கூடாது, அடுத்து வருபவர் அதிலிருந்துதான் குடிநீர் பிடிப்பார். சாலையோரச் சாக்கடையிலோ ஓய்விடக் கழிப்பறையிலோ ஊற்றுவது சட்டவிரோதம், ஊர்க்காரர்கள் மோட்டார்ஹோம்களை வெறுக்க அது ஒன்றே போதும். அந்தச் சிற்றூர்கள் நம்மை இன்னும் வரவேற்பது நாம் ஒழுங்காக நடந்துகொள்வதால்தான்.

அடுத்து சமையல், குளியல் கழிவுநீர். தரையில் சல்லடை போட்ட இடத்துக்கு மேல் வண்டியைச் சரியாக நிறுத்தி வால்வைத் திறந்தால் போதும், நூறு லிட்டர் இறங்க ஐந்து நிமிடம் ஆகும். வால்வை மறக்காமல் மூடுங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியைக் காலியாகக் கொடுப்பதா நிரப்பிக் கொடுப்பதா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அக்டோபரில் போகிறவர்களுக்கு ஒன்று: பல வண்டிகளின் வெந்நீர்க் கொதிகலனில் உறைபனிப் பாதுகாப்பு வால்வு உண்டு, உள்ளே சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனால் அது தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். காலையில் வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடினால் பழுது என்று பயப்பட வேண்டாம், ஹீட்டரைக் குறைவாக ஓடவிட்டுத் தூங்கினால் அது நடக்காது.

கடைசியாக டீசல். ஆட்டோபான் என்ற விரைவு நெடுஞ்சாலை ஓரத்து பங்கில் போடாதீர்கள், விலை அதிகம். ஊருக்குள் அல்லது சூப்பர்மார்க்கெட் பக்கத்து பங்கில் போடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது, முந்தின இரவே நிரப்பிவிட்டு காலையில் எழுபது கிலோமீட்டர் ஓட்டினால் முள் இறங்கியிருக்கும். ஆட்ப்ளூ, அதாவது டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம், அதற்கான விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். நீல மூடி உள்ள வாயில்தான் ஆட்ப்ளூ, டீசல் வாயில் அது போனால் எரிபொருள் அமைப்பையே கெடுத்துவிடும். பக்கவாட்டில் உள்ள நல்ல தண்ணீர் மூடியையும் டீசல் மூடியையும் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது, களைப்பான கடைசி நாளில் முக்கியமாக. மூடியைத் திறக்கும் முன் அதன் மேல் போட்டிருக்கும் படத்தைப் பாருங்கள்.

வெளிப்பக்கம் கழுவ வேண்டும் என்று சொல்லியிருந்தால், மூன்று மீட்டர் உயர வண்டி சாதாரண கார் வாஷுக்குள் போகாது. கையால் கழுவும் உயரமான கூடாரம் தேடுங்கள், அழுத்தக் குழாயை ஜன்னல் ரப்பரிலும் ஃபிரிட்ஜ் காற்றுத் துளையிலும் நேராகப் பிடிக்காதீர்கள்.

இதெல்லாம் ஆறு மணிக்குள் முடிந்துவிடும். இரவுச் சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், துடைத்த கிச்சனைத் திரும்பத் தொடாதீர்கள்.

கொடுக்கும் காலை

கிளம்பும் முன் போனில் ஒரு வீடியோ எடுங்கள், அவசரமில்லாமல். வெளியே நான்கு பக்கம், மூலைகள், கண்ணாடி, சக்கரங்கள், நிழற்கூரை, ஏணி. உள்ளே தரை, மெத்தைகள், கொசுவலைகள், கூரை ஜன்னல், கழிப்பறை. நிலையத்துக்குப் போனதும் மீட்டரையும் டீசல் முள்ளையும் எடுத்துவிடுங்கள். வண்டி வாங்கும்போது கையெழுத்திட்ட தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே இருந்த கீறல்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

ஏதாவது உடைந்திருந்தால் நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர்கள் எப்படியும் பார்த்துவிடுவார்கள், முன்கூட்டிச் சொன்னவரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். வண்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கான தாளை ஜெர்மன் மொழியில் நீட்டினால் போனில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும், ஒத்துக்கொள்ளாத ஒன்று இருந்தால் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

பெரும்பாலான நிலையங்கள் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருக்கும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள், சிறிய இடங்களில் டாக்ஸியை முன்பே சொல்லி வைக்க வேண்டும். மியூனிக் மத்திய நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு எஸ்1, எஸ்8 ரயில்களில் சுமார் நாற்பது நிமிடம். அதே நாளில் விமானம் என்றால் ஒப்படைக்கும் நேரத்துக்கும் விமானத்துக்கும் நடுவே ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

விமான நிலையத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள், ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல் வாங்கி ஊருக்கு எடுத்துப்போகும் பொருளுக்கு வரியைத் திரும்பப் பெறலாம். இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு இது உண்டு, 2021 முதல் லண்டனில் இருப்பவர்களுக்கும் உண்டு. கடையில் வாங்கிய படிவத்தோடு பொருளையும் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும், பெட்டியை செக்கின் செய்துவிட்டால் காட்ட முடியாது. அதனால் அந்தப் பொருட்களை மட்டும் பெட்டியின் மேலாகவே வையுங்கள்.

டெபாசிட் உடனே வராது, கார்டில் பிடித்து வைத்த தொகை விடுபட வங்கியைப் பொறுத்துச் சில நாட்கள் ஆகும். வேகக் கேமராவில் சிக்கியிருந்தால் அபராதக் கடிதம் முதலில் வண்டி உரிமையாளருக்குப் போய், அவர்கள் உங்கள் முகவரியைக் கொடுத்து, அதற்கும் ஒரு சேவைக் கட்டணம் பிடித்து, பிறகுதான் உங்களுக்கு வரும், வாரக்கணக்கில் ஆகலாம். ஒப்பந்தம், திருப்பிக் கொடுத்த தாளின் நகல், டீசல் ரசீது, வீடியோ நான்கையும் அரை வருடமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.